முத்ரிகாவில் ஓர் ஆடி மாதம்

வா கண்ணே, இப்படிக் கிட்ட வந்து உட்கார். அந்த மூலைக்கு ஃபேன் காற்று வராது. காலை நீட்டிக்கொள், இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாளெல்லாம் வரிசையில் நின்றுவிட்டு வந்திருக்கிறாய், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உனக்கு ஒரு கதை சொல்கிறேன். ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. கரோல் பாகில் ஒரு பெண், ஜனக்புரியில் ஒரு பிள்ளை, இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வீசா. கதை முழுக்க அவர்களும் உன்னைப் போல நின்றுகொண்டேதான் இருப்பார்கள். நீயாவது உட்கார்ந்து கேள்.

பெண்ணின் பெயர் வைதேஹி. அவள் அப்பா சேஷன், மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். கரோல் பாகில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மாடியில் இரண்டு அறை. வைதேஹி சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அவள் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி வந்தவர்களுக்கெல்லாம் சேஷன் காபி கொடுத்து, வாசல்வரை கொண்டுவிட்டு, திரும்பி வந்து பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டார். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் தமிழில் படிக்க வைத்தார். அவருக்கு இருந்தது ஒரே பயம். தாயில்லாமல் வளர்ந்த பெண், அதனால்தான் இப்படி என்று எவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அதற்காகவே ஒரு நோன்பை விடமாட்டார், ஒரு பண்டிகையை விடமாட்டார். காரடையான் நோன்புக்கு அடை தட்டுவது எப்படி என்று ஆபீஸ் டைப்பிஸ்ட் மாமியிடம் கேட்டுக்கொண்டு வந்து, அவரே மாவைப் பிசைவார்.

அந்தப் பயம் வைதேஹிக்கும் தெரியும். கதை முடிகிறவரை அதை ஞாபகம் வைத்துக்கொள்.

பிள்ளையின் பெயர் கல்யாணராமன். கட்டடங்களுக்குப் படம் வரைகிற உத்தியோகம். வேலை வெளிநாட்டில். எந்தத் தேசம் என்று கேட்காதே, பனி பெய்கிற தேசம், அது போதும். அவன் அம்மா ருக்மிணி மாமி ஜனக்புரி அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் இல்லை, ஒரே பிள்ளை. மாமிக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. மனசும் பெரிசுதான், ஆனால் குரல்தான் முதலில் வந்து நிற்கும்.

ஏசியாட் விளையாட்டுக்காக தில்லியையே தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. எந்தச் சாலையில் போனாலும் தூசி, எந்தத் திருப்பத்திலும் அரைகுறையாக ஒரு பாலம். கல்யாணராமன் ஆறு வார லீவில் வந்தான். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில், சந்தில் ஷாமியானாப் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. பெண் ஜனக்புரிக்குப் போனாள். நாலே நாள். ஐந்தாம் நாள் மாமி ஆள் அனுப்பி சேஷனை வரவழைத்தாள்.

“ஆடி பொறக்கறது. பொண்ணை அழைச்சுண்டு போயிடுங்கோ.”

“மாமி, மாப்பிள்ளை லீவே ஆடியோட முடிஞ்சுடறது. கொஞ்சம் பாத்து...”

“முதல் ஆடி. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆத்துல இருக்கப்படாது. எட்டிக்கூடப் பாத்துக்கப்படாது. ஊரை விட்டு தில்லிக்கு வந்துட்டா வழக்கத்தையும் ரயில்லயே விட்டுட்டு வந்துடறதா?”

ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் சேய்க்கும் ஆகாது என்று வைத்த வழக்கம். சேஷன் தலையாட்டிவிட்டார். அம்மா இல்லாத வீடு, ஆடிகூடத் தெரியவில்லை என்று பேச்சு வந்துவிட்டால்? பெண்ணையும் மாப்பிள்ளையையும் முறைப்படி கரோல் பாகுக்கு அழைத்தார். தேங்காயைத் துருவி, அரைத்து, பிழிந்து, ஆடிப்பால் காய்ச்சினார். அடுப்பைக் குறைக்கத் தெரியவில்லை, பால் திரிந்துவிட்டது. மாப்பிள்ளை அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, “ரொம்ப நன்னா இருக்கு மாமா” என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினான். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவன், நிமிராமலேயே, “நாளைக்கு, பதினோரு மணிக்கு, ராஜா கார்டன் ஸ்டாப்” என்றான். வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வைதேஹிக்கு மட்டும் அது கேட்டது.

அவளுக்கு அப்போது டைப்ரைட்டிங் வகுப்பு இருந்தது. வகுப்புக்கு என்று கிளம்பி, பஸ் ஏறி, ராஜா கார்டனில் இறங்கினாள். அவன் நின்றுகொண்டிருந்தான். எங்கே போவது? பூங்காவுக்குப் போனால் ஆபீசிலிருந்து சாப்பாட்டு வேளைக்கு வருகிற மாமாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். சினிமாவுக்குப் போனால் பக்கத்து நாற்காலியில் கரோல் பாகே உட்கார்ந்திருக்கும். தில்லித் தமிழர்கள் ஊரெல்லாம் பரவியிருந்தாலும், நாம் யார் கண்ணிலும் படக் கூடாது என்று நினைக்கிற இடத்தில் ஒருவர் குடையோடு நிற்பார். அப்போதுதான் முத்ரிகா வந்தது. ரிங் ரோடில் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற பஸ். இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.

கண்டக்டர் ஹரியானாக்காரர். “கஹாங் உதர்னா ஹை, பாபு?” எங்கே இறங்கணும் என்றார்.

கல்யாணராமன் கொஞ்சம் யோசித்து, ஏறின இடத்திலேயே என்றான்.

கண்டக்டர் அவனைப் பார்த்தார், அவள் கழுத்துப் புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அவரே கடைசிக்கு முந்தின சீட்டில் தன் பையை வைத்து இடம் பிடித்து வைத்தார்.

அந்த ஆடி முழுக்க அப்படித்தான் போயிற்று. மழை உள்ளே அடிக்கும், ஷட்டர் இறங்காது. மூல்சந்த் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பாலத்தடியில் பஸ் ஊரும். அவர்களுக்கு அவசரம் இல்லை. அவன் தன் அறையைப் பற்றிச் சொன்னான், குளிரில் தயிர் தோயாததைப் பற்றிச் சொன்னான். அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அதற்கு முன்னால் அவள் யாரிடமும் அம்மாவைப் பற்றிப் பேசியதில்லை. ராஜா கார்டன் ஸ்டாப்பில் நாவல்பழம் விற்கிறவன் கறுப்பு உப்புப் போட்டுக் குலுக்கி இலையில் கொடுப்பான். இறங்கியதும் சாப்பிடுவார்கள். வீட்டுக்குப் போகுமுன் வைதேஹி தெருக்குழாயில் வாயைக் கொப்புளித்து, கைக்குட்டையால் நாக்கைத் தேய்த்துக்கொள்வாள்.

கைகூட அவள் டைப்ரைட்டிங் ஃபைல் அட்டைக்கு அடியில்தான் கோத்துக்கொண்டார்கள் கண்ணே. தாலி கட்டின புருஷன்.

ஆடி முடிவதற்குள் அவன் விமானம் ஏறிவிட்டான். விமான நிலையத்தில் எல்லோரும் நின்றோம் என்று பிற்பாடு வைதேஹி சொல்வாள். “போயிட்டு வரேன்” என்பதை அவள் அப்பாவைப் பார்த்துத்தான் அவன் சொன்னானாம்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது வீசா.

சேஷன் முப்பது வருஷம் ஃபைலோடு குடித்தனம் செய்தவர். எந்தக் காரியம் நின்றாலும் ஒரு காகிதம் குறைகிறது என்றுதான் நினைப்பார். சாஸ்திரிகள் நடத்தின கல்யாணத்துக்குக் காகிதம் ஏது? பதிவு அலுவலகத்துக்கு அலைந்து கல்யாணத்தைப் பதிவு செய்தார். கல்யாணப் பத்திரிகை, போட்டோ ஆல்பம், போலீஸ் சர்ட்டிபிகேட், நெஞ்சு எக்ஸ்ரே, மாப்பிள்ளையின் ஏர்மெயில் கடிதங்கள் எல்லாவற்றையும் பச்சை நாடாவில் கட்டினார். ஆபீசில் யாரோ, “தாய் பாஷையிலயே பேசச் சொல்லுங்கோ சார், இங்கிலீஷ்ல தப்பா ஏதாவது வந்துடும்” என்றார்கள். அதையும் எழுதிக் கொடுத்தார்.

நேர்காணலுக்கு அழைத்தது நல்ல குளிர்காலத்தில். சாணக்யபுரியில் தூதரக மதில் ஓரமாக, மூடுபனியில் அப்பாவும் பெண்ணும் நின்றார்கள். முன்னால் நின்ற பஞ்சாபிப் பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சேஷன் உட்காரவில்லை. கோட்டு கசங்கிவிடும்.

உள்ளே வைதேஹியை மட்டும் விட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஜலதோஷம் பிடித்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவருக்குப் பக்கத்தில், தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர். வைதேஹி அவரைப் பார்த்தாள். கஸ்தூரிரங்கன் மாமா! இவர்கள் வீட்டுக்குப் பின்தெரு. சனிக்கிழமை தோறும் அப்பாவோடு பஜனையில் உட்கார்ந்து பாடுகிறவர்.

“உக்காரும்மா,” என்றார் அவர், முன்பின் பார்க்காதவர் போல.

அதிகாரி ஆல்பத்தைப் புரட்டினார். ஏன் ஒரு படத்தில்கூட நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று கேட்டார்.

“போட்டோக்காரர் காமிராவைப் பாக்கச் சொன்னார்.”

கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கஸ்தூரிரங்கன் வாசித்தார். ‘மாமாவுக்கு பிளட் பிரஷர் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைக்கச் சொல்லவும். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.’ இது கணவர் எழுதினதா, டாக்டர் எழுதினதா என்று அதிகாரி கேட்டார். வீட்டுக்கு வருகிற கடிதத்தை அப்பா முதலில் படிப்பார், மாமியார் அப்புறம் படிப்பாள், எதிர்வீட்டு மாமிக்கும் ஒரு தரம் வாசித்துக் காட்டுவார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

“லீவு ஆறு வாரம். நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆத்துல இருந்தது எத்தனை நாள்னு கேக்கறார்.”

“நாலு நாள்.”

“பாக்கி நாள்?”

“ஆடி மாசம். நான் அப்பாகிட்ட இருந்தேன்.”

கஸ்தூரிரங்கன் ஆடியைப் பற்றி இங்கிலீஷில் வெகுநேரம் விளக்கினார். அதிகாரி மூக்கைச் சிந்தினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். அந்த மாதத்தில் நீங்கள் சந்தித்துக்கொள்ளவே இல்லையா?

வைதேஹி அதிகாரியைப் பார்க்கவில்லை. கஸ்தூரிரங்கன் மாமாவின் காலருக்கு மேலே தெரிந்த மப்ளரைப் பார்த்தாள். சனிக்கிழமை பஜனை கண்ணில் வந்தது. தாளம் போடுகிற அப்பாவின் கை வந்தது. சேஷன் பொண்ணு ஆடியில புருஷனோட பஸ்ஸுல சுத்தியிருக்கா, அம்மா இல்லாத பொண்ணு பாரு என்கிற குரலும் வந்தது.

“பாக்கலை,” என்றாள்.

அதிகாரி வேறொரு தாளைத் திருப்பினார். அங்கே கல்யாணராமனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். தினம் சந்தித்தோம் என்று அவன் சொல்லியிருக்கிறான். இப்படிக் கேட்பார்கள், இப்படிச் சொல்லு என்று அவளுக்கு எழுத அவனுக்கும் வழியில்லை. எல்லோரும் படிக்கிற கடிதத்தில் எதை எழுதுவது?

கஸ்தூரிரங்கன் அதை மேஜையைப் பார்த்தபடி, குரல் மாறாமல், தமிழில் சொன்னார். “இதுக்கு என்ன சொல்றேள்னு கேக்கறார்.”

“நாங்க பாத்துக்கலை,” என்றாள் மறுபடியும்.

வீசா இல்லை என்றாகிவிட்டது. இது நிஜமான கல்யாணம் என்று திருப்தி ஏற்படவில்லை, அவ்வளவுதான் பதில். சேஷன் வாசலில் நின்று, “எந்தக் காகிதம்மா குறைஞ்சுது?” என்று கேட்டார். அவள் “தெரியலைப்பா” என்றாள். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அதன் கஷ்டம். மறுபடி விண்ணப்பம் போட்டார்கள். அது கடல் தாண்டிப் போய், திரும்பி வந்து, ஏதோ ஒரு அலமாரியில் தூங்கியது. சேஷன் அரைநாள் லீவு போட்டுவிட்டு சாணக்யபுரிக்குப் போவார். அடுத்த மாசம் வாங்கோ என்பார்கள். சாஸ்திரிகளிடம் ஒரு சான்று, சமையல்காரரிடம் ஒரு சான்று, ஷாமியானா போட்டவனிடம்கூட ஒரு கையெழுத்து வாங்கி, அந்தக் கட்டைப் பருமனாக்கிக்கொண்டே போனார். முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. ஒரு குளிர்காலம் கைத்தடி வந்தது. அப்பா ஒவ்வொரு காகிதமாகச் சேர்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வைதேஹி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காகிதத்தில் ஒன்றும் குறையவில்லை என்று அவளுக்குத் தெரியுமே.

அவள் ஜனக்புரியில் மாமியாரோடு இருந்தாள். கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே தினமும், “பேட்டி, தேரா வீஜா ஆயா?” என்று கேட்பாள். மகளே, உன் வீஜா வந்ததா என்று, ஏதோ தபால்காரன் மறந்து வைத்துக்கொண்ட மாதிரி. ருக்மிணி மாமி மாடியிலிருந்தே, “நஹீங் ஆயா! வந்தா உனக்குத்தான் முதல்ல லட்டு!” என்று தமிழும் ஹிந்தியுமாகக் கத்துவாள். உள்ளே வந்து, “என் பிள்ளை அங்க ஒண்டியா ரசம் வெச்சுண்டிருக்கான்” என்று யாருக்கோ சொல்வது போல் சொல்வாள்.

ஒரு நாள் டிரங்க் கால் வந்தது, பக்கத்து வீட்டு டெலிபோனுக்கு. எல்லோரும் ஓடினார்கள். மாமி பேசினாள், சேஷனும் அன்று இருந்தார், அவரும் பேசினார். கடைசியில் வைதேஹி கையில் கொடுத்தார்கள். அத்தனை பேரும் சுற்றி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ ஏன் அப்படிச் சொன்னே, வைதேஹி?” என்றான் அவன். கம்பிக்குள் கடல் இரைந்தது.

“இங்க எல்லாரும் சௌக்கியம்,” என்றாள் அவள்.

“நான் கேக்கறது புரியறதா?”

“ஆமாம், நல்ல மழை.”

டிரங்க் காலுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, எண்பத்து நாலில், மறுபடி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இந்தத் தடவை அவன் வேலையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். தேதியைப் பார்த்ததும் ருக்மிணி மாமி பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

“ஆடியிலன்னா கூப்பிட்டிருக்கான்! இவாளைப் பிரிச்சு வெக்கணுமா, வேண்டாமா?”

“முதல் ஆடிக்குத்தானே மாமி வழக்கம்,” என்றார் சேஷன்.

“இவா சேர்ந்து இருந்தது நாலு நாள். எதை வெச்சு இதை முதல் ஆடி இல்லேங்கறேள்?”

“அம்மா!” என்றான் கல்யாணராமன். அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. “வைதேஹி இங்கதான் இருப்பா.”

“இருக்கட்டும்டா, யார் வேண்டாம்னா? ஒரு சந்தேகம் கேட்டா இப்படிப் பாயறயே,” என்று பஞ்சாங்கத்தை மூடினாள். அதற்கப்புறம் அந்த வழக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

நேர்காணல் அன்று காலையில் அவள் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தாள். அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“கஸ்தூரிரங்கன் மாமா இருந்தா என்ன பண்ணப்போறே?”

“தெரியலை.”

“இங்கிலீஷ்ல பேசேன்.”

“ஆடியை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்வேள்?”

அவன் யோசித்தான். “ஜூலை, ஆகஸ்ட்.”

“பாத்தேளா.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவன் முகம் சோர்ந்துபோயிற்று. “எனக்குக் களைச்சுப் போச்சு, வைதேஹி. இதுவும் இல்லேன்னா, இனிமே மனுப் போடறதுக்கு எனக்குத் தெம்பில்லை,” என்றான். அப்படியானால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காபியை ஆற்றிக் கொடுத்தாள்.

சேஷன் வரவேண்டாம் என்று சொன்னார்கள். கேட்கவில்லை. கைத்தடியும் காகிதக் கட்டுமாக வந்து நின்றுவிட்டார். தூதரகத்துச் சாலை முழுக்க நாவல் மரம். பழம் உதிர்ந்து நடைபாதையே நீலமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் செருப்பெல்லாம் நீலம்.

கல்யாணராமனை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள், வைதேஹியை வேறோர் அறைக்கு. இந்தத் தடவை அதிகாரி ஒரு பெண்மணி, நரைத்த தலை, மேஜைமேல் ஆறிப்போன டீ. பக்கத்தில் கஸ்தூரிரங்கன் மாமாதான்.

எல்லாம் பழைய கேள்விகள். போட்டோ, கடிதம், நாலு நாள். கடைசியில் அதுவும் வந்தது.

“ஆடி மாசத்துல உங்க ஆத்துக்காரரைச் சந்திச்சேளான்னு கேக்கறா.”

வைதேஹிக்கு அப்பாவின் கைத்தடி ஞாபகம் வந்தது. ஷாமியானாக்காரனிடம் கையெழுத்துக்கு நின்ற அப்பா. அவர் பேரைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்க்கு அவர்தான் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறார்.

“சந்திச்சோம்,” என்றாள். “தினம் சந்திச்சோம். பஸ்ஸுல.”

கஸ்தூரிரங்கன் இங்கிலீஷில் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்றே? நன்னா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டேன் மாமா. சொன்னதை அப்படியே சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். போன தடவை ஏன் இல்லை என்றாய் என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“இந்த மாமா எங்க அப்பாவோட சிநேகிதர். ஆத்துக்குப் பின்தெரு. இவர் எதிர்ல சொல்ல வெக்கமா இருந்தது. அப்பாவுக்குத் தெரிஞ்சுடுமேன்னு பயமா இருந்தது.”

பாவம், அதையும் அந்த மனிதர்தானே மொழிபெயர்க்க வேண்டும்! காது சிவந்துபோய், ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பேனாவை வைத்துவிட்டு, எந்த பஸ், எங்கே ஏறுவீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். வைதேஹி சொன்னாள். இறங்காத ஷட்டர், கண்டக்டரின் பை, மூல்சந்தில் அரைகுறைப் பாலம், கறுப்பு உப்புப் போட்ட நாவல்பழம். ஒரு நாள் பஸ் நின்றுபோய் எல்லா ஆண்களும் இறங்கித் தள்ளினார்கள், அவன் செருப்பை அவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அந்த ஒரு மாதம் அவளுக்கே திரும்பக் கிடைத்தது. கஸ்தூரிரங்கன் மாமாவும் பாதியில் வேகம் பிடித்துவிட்டார். அவள் கை காட்டினால் அவரும் கை காட்டினார்.

அதிகாரி எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

“ஜன்னலோரம் யார் உக்காந்ததுன்னு கேக்கறா. நீதான்னு உங்க ஆத்துக்காரர் சொல்றாராம்.”

“பொய்!” என்றாள் வைதேஹி. “ஒரு நாள்கூட எனக்கு ஜன்னல் கொடுத்ததில்லை. அவருக்குத் தலை சுத்தும்.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். தாளில் ஏதோ எழுதினாள். முடிவு பிறகு வரும், போகலாம் என்றாள்.

வெளியே சேஷன் மதிலடியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தண்ணீர் வாங்கப் போயிருந்தான். வைதேஹி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவர் கைத்தடியால் தரையில் கிடந்த நாவல்பழம் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார். “பஸ் விஷயமா?” என்றார்.

வைதேஹி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“எந்த பஸ்னு தெரியாது. ஆனா அந்த ஆடியில உன் பையில தினம் ரெண்டு பஸ் டிக்கெட் கிடக்கும், நீ ஆத்துக்கு வரச்சே எல்லாம் நாக்கு நீலமா இருக்கும். டைப்ரைட்டிங் கிளாஸ்ல நாவப்பழமா தரா?”

“தெரிஞ்சும் பேசாம இருந்தேளே அப்பா. போன தடவை உள்ள நான் பாத்துக்கவே இல்லைன்னு சொல்லிட்டேன்.”

“பொண்ணுகிட்ட இதை அப்பா எப்படிம்மா கேக்கறது? உங்கம்மா இருந்தா கேட்டிருப்பா. ரெண்டு திட்டுத் திட்டியிருப்பா, அப்புறம் சிரிச்சிருப்பா. அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.” அவர் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ள போய் நீ இல்லேன்னு சொல்லியிருப்பேன்னு எனக்குத் தோணவே இல்லை. காகிதம் குறையறதுன்னே நினைச்சுண்டிருந்தேன்.”

அவள் பச்சை நாடா கட்டிய கட்டை அவர் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது.

அப்போது கஸ்தூரிரங்கன் கையில் குடையோடு வெளியே வந்தார். சாப்பாட்டு நேரம். “என்ன சேஷன், சனிக்கிழமை வரேளோல்லியோ?” என்றார். வைதேஹியைப் பார்த்து, “சௌக்கியமாம்மா? பாத்து ரொம்ப நாளாச்சு” என்று சொல்லிவிட்டு, நாவல்பழங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்துபோனார்.

“உள்ள எனக்காக மொழிபெயர்க்கறது இந்த மாமாதான் அப்பா,” என்றாள் வைதேஹி. சேஷன் அவர் முதுகைப் பார்த்தார். “போன தடவையும் இவன்தானா உள்ள இருந்தது? ரெண்டு வருஷமா வாராவாரம் பக்கத்துல உக்காந்து பாடறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

யாருக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டாளோ, அவர் வாயைத் திறக்கவே இல்லை. யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாளோ, அவருக்கு முதலிலேயே தெரியும். இரண்டு வருஷம் எங்கே போயிற்று கண்ணே? அழுவதற்குக்கூட அவளுக்கு அப்போது தெம்பில்லை.

மாப்பிள்ளை தண்ணீரோடு வந்தான். மூன்று பேரும் மோதி பாக் ஸ்டாப்வரை நடந்தார்கள். கரோல் பாகுக்கு நேர் பஸ் ஒன்று போயிற்று, சேஷன் ஏறவில்லை. அடுத்தது முத்ரிகா. “இதானா? எப்படித்தான் இருக்கும்னு நானும் ஒரு சுத்து வந்து பாக்கறேன்,” என்று கைத்தடியை முதலில் உள்ளே போட்டு ஏறினார். அவர்கள் கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தார்கள். அவர் வெகு தூரம் முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால், திரும்பிப் பார்க்க முடியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். கல்யாணராமன் எழுந்து அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்தான். மூல்சந்தில் பாலம் எப்போதோ கட்டி முடித்திருந்தார்கள். பஸ் நிற்காமல் போய்விட்டது. முன்னால் அப்பாவின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்து, தூக்கத்தில் ஆடிக்கொண்டே வந்தது.

வீசா வந்தது. அவன் லீவு முடிந்து போன பிறகுதான் வந்தது. புரட்டாசியில் வைதேஹி விமானம் ஏறினாள். கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரிக்கு மாமி தான் சொன்னபடியே முதல் லட்டு கொடுத்தாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் வைதேஹி எழுதின கடிதம் இரண்டு. ஒன்று ஜனக்புரிக்கு. இன்னொன்று கரோல் பாகுக்கு, அப்பாவுக்கு மட்டும். அதை அவர் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

அவ்வளவுதான் கண்ணே கதை. கால் வலி கொஞ்சம் குறைந்ததா? போய்ச் சூடாக ஏதாவது சாப்பிடு. உன் வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்கிற வாயும், சொல்ல வேண்டியதைச் சொல்கிற வாயும் என்றைக்கும் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உங்களுக்காக வெயிலில் நிற்காமல் இருக்கட்டும். தூரத்தில் இருக்கிறவர் சீக்கிரம் வந்து உன் பக்கத்தில் உட்காரட்டும், ஜன்னலோரத்தை உனக்கே கொடுக்கட்டும். உன் அடுப்பில் பால் பொங்கும்போது இறக்க ஒரு கை, குடிக்க நாலு பேர், நிறைய இருங்கள், நன்றாக இருங்கள்.